தாய்மாமனா, வெறும் மாமாவா?

மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் பின்புறம், இரவு எட்டரை மணியளவில் தூக்குவாளியில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த சிறுவனிடம் வயதைக் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் "பதினைந்து" என்றான். உருவமோ பத்தைத் தாண்டாதது. சற்றுத் தள்ளி அமர்ந்திருந்த ஒருவரிடம் "மாமா, சில்லறை" என்று கை நீட்டினான். அவரைச் சுற்றி அதே அளவு வாளிகளுடன் இன்னும் மூன்று சிறுவர்கள் நின்றிருந்தார்கள். அன்றிரவே குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைத்தேன். அதன் பின் நடந்தவற்றை, இதே நிலையில் நிற்கக்கூடிய பிறருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். சிறுவனின் பெயர், ஊர், பள்ளி எதையும் சொல்லப்போவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைக் குற்றமாக்கியிருக்கிறது.

மறுநாள் மாலை உதவி மையப் பணியாளர்களும் தொழிலாளர் துறை ஆய்வாளரும் காவலர் ஒருவரும் கடற்கரைக்கு வந்து நால்வரையும் மீட்டார்கள். மீட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், மீட்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தகவல் கொடுத்தவன் என்ற முறையில் என்னையும் வரச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். "பிள்ளை உழைத்துச் சாப்பிடுகிறான், திருடவில்லையே" என்று அங்கே ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார். அந்தக் காத்திருப்பைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

குழுவின் முன், கடற்கரையில் சிறுவன் மாமா என்று அழைத்த அந்த மனிதர் சொன்ன வாதம்தான் நான் எதிர்பாராதது. "நான் இவனுக்கு மாமா, இது எங்கள் குடும்பத் தொழில், சட்டமே அனுமதிக்கிறது" என்றார். பாதி உண்மை. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயது நிறையாத குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று தடுத்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. குடும்பம் என்றால் யார் என்பதற்கும் விளக்கம் உண்டு: தாய், தந்தை, உடன்பிறந்தோர், தந்தையின் உடன்பிறந்தோர், தாயின் உடன்பிறந்தோர். ஆகவே தாய்மாமன் உள்ளே வருகிறார். அத்தையின் கணவரையும் மாமா என்றுதான் அழைக்கிறோம், அவர் வரமாட்டார். தமிழில் பேருந்து நடத்துநரைக்கூட மாமா என்று அழைக்கும் பிள்ளைகள் இருக்கும்போது, ஒரு வழக்கே அந்தச் சொல்லின் மேல் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

குழுவின் தலைவர் வாதத்தை நீட்டாமல், சிறுவனின் தாயைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார். "எனக்குக் கூடப் பிறந்த ஆம்பளை யாருமில்லீங்க; அவரு பக்கத்துத் தெருக்காரரு, ஐயாயிரம் ரூபா முன்பணம் குடுத்தாரு" என்றார் அந்தத் தாய். ஒருவேளை அவர் தாய்மாமனாகவே இருந்திருந்தாலும் வாதம் நின்றிருக்காது என்று ஆய்வாளர் பின்னர் விளக்கினார்: 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, குடும்பத்துக்கு உதவும் குழந்தைகூட மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை செய்யக் கூடாது, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. நான் அவனைப் பார்த்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தது அந்த வகையில் உதவியது. புகார் செய்பவர்கள் இடத்தையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வயது. 14 நிறைந்தவரை ஆபத்தில்லாத வேலையில் அமர்த்தத் தடையில்லை. "பதினைந்து" என்ற பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்புப் பரிசோதனை என்பது சட்டம் வகுத்த வரிசை. அவன் படித்த பள்ளியின் பதிவேட்டில் 12 வயது என்று இருந்தது. சொந்த மாவட்டத்திலிருந்து அவன் குடும்பச் சூழலைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை வரும்வரை அவன் குழந்தைகள் இல்லத்தில் தங்கவைக்கப்பட்டான். அறிக்கை வந்ததும் தாயிடம் ஒப்படைக்கப்பட்டான். வேறொரு பள்ளி மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மறுத்ததாகத் தாய் சொன்னார். கல்வி உரிமைச் சட்டம் அதை ஒரு காரணமாக ஏற்பதில்லை என்று குழு கடிதம் எழுதிய பிறகு, வயதுக்கேற்ற ஏழாம் வகுப்பில் இடம் கிடைத்தது.

அமர்த்தியவர் மீது வழக்கு நடக்கிறது. குற்றம் உறுதியானால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்ற வாய்தாவில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி, "அவன் மாமா என்று அழைத்ததை நீங்களே காதால் கேட்டீர்கள், அல்லவா?" என்பது. கேட்டேன் என்றேன்.