வீதி வந்தது, காணி உறுதி எங்கே?

மலையகத்து ஹட்டனில் இருந்துகொண்டு வடக்கிலுள்ள கிளிநொச்சியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறாய் என்று கேட்கிறார்கள். 1977, 1983 தமிழர் விரோத வன்செயல்களில் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிய எங்கள் மலையகச் சனங்களில் பலர் கிளிநொச்சி அடங்கிய வன்னியில்தான் காடு வெட்டிக் குடியேறினார்கள்.

போர் முடிந்தபோது கிளிநொச்சி நகரம் இடிந்து கிடந்தது, பெரிய தண்ணீர்த் தாங்கி கூடச் சாய்ந்து விழுந்திருந்தது. பிறகு அந்த வழியே யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திருத்தப்பட்டது, 2014இல் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் போனது. மகிழ்ச்சிதான்.

ஆனால் உழைத்துப் பண்படுத்திய காணிக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாமல் எத்தனை குடும்பங்கள் இன்னும் அலைகின்றன! உறுதி இல்லாதவருக்கு வங்கி கடன் தராது, வீட்டுத்திட்டத்திலும் இழுத்தடிப்பு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பட்ட அதே பாடு, அங்கேயும்.

மலையகப் பிரதிநிதிகளே, மாகாண எல்லை பார்க்காமல் இதைப் பாராளுமன்றத்தில் பேசுங்கள்.