குருமா பொடியும் கடைசி இரண்டு இலக்கமும்

போன மாதம் காரைக்குடியிலிருந்து 40 பெட்டி மசாலாப் பொடி வரவழைத்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. சிங்கப்பூரில் என்னைப்போல் தேக்கா பக்கம் சின்னக் கடை வைத்திருப்பவர்கள், மொத்த வியாபாரியை நம்பாமல் நாமே நேராக இறக்கலாம் என்று நினைத்தால் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

சுங்கத்துறைக் கணக்கு, சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிவு எல்லாம் இணையத்திலேயே முடிந்தது. கப்பலும் சொன்ன நாளில் வந்தது. மாட்டிக்கொண்டது காகிதத்தில்தான்.

முதலில் மூலச் சான்றிதழ், அதாவது சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் காகிதம். “ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு மாப்ளே, அந்தச் சான்றிதழ் இருந்தா அங்க வரி கிடையாது” என்றார் பொடி அரைக்கும் மாமா. அதற்காக ஒரு வாரம் சரக்கு அங்கேயே கிடந்தது. ஆனால் இங்கே சிங்கப்பூரில் மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள் தவிர எதற்கும் சுங்கவரியே இல்லை. 2005இல் வந்த அந்த இந்திய-சிங்கப்பூர் ஒப்பந்தத்தின் வரிச் சலுகை, இங்கிருந்து இந்தியாவுக்குப் போகும் சரக்குக்குத்தான் பெரிதாக உதவும். சுங்கவரி இல்லாவிட்டாலும் இங்கே ஜி.எஸ்.டி. 9 சதவீதம் உண்டு. அதுவும் பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. கப்பல் கூலி, காப்பீடு இரண்டையும் சேர்த்த தொகைக்கு. ஏற்றுமதி என்பதால் மாமாவின் இன்வாய்ஸில் இந்திய ஜி.எஸ்.டி. பூஜ்யம் என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நானும் அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது எச்.எஸ். குறியீடு, அதாவது சரக்கு என்ன வகை என்று சுங்கத்துறைக்குச் சொல்லும் எண். இதில் முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. அதற்குப் பிறகு வருவது அந்தந்த நாட்டின் கணக்கு. இந்தியாவிலும் 8 இலக்கம், இங்கும் 8 இலக்கம், ஆனால் இங்கே ஆசியான் நாடுகளின் பொதுப் பட்டியல். சரக்கை இறக்கித் தர நான் அமர்த்திய முகவர், அதாவது ஃபார்வர்டர், அலுவலகத்துப் பையன் இந்திய இன்வாய்ஸில் இருந்த எண்ணை அப்படியே இறக்குமதி பெர்மிட்டில் போட்டுவிட்டான். பெர்மிட் திரும்பி வந்தது. “உங்க பேப்பர்ல அப்படித்தானே இருக்கு” என்று என்னையே கேட்டான். இரண்டு நாட்டு வேலையும் தெரியும் என்று சொல்லித்தானே பணம் வாங்கினார்கள்? வெள்ளிக்கிழமை மாலை நடந்தது இது. திங்கள்கிழமை வரை கிடங்கு வாடகை என் தலையில்.

சரி, எண்ணைத் திருத்தியாயிற்று என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் பெரிய அடி. அதிகாரிகள் சேர்பொருள் பட்டியலைக் கேட்டார்கள். குருமா பொடியில் கசகசா இருந்தது.

நம் வீடுகளில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கிற பொருள். இந்தியாவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது ஓப்பியம் செடியின் விதை. மார்ஃபின் எச்சம் அதில் ஒட்டியிருக்கலாம். அதனால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அனுமதி இல்லாமல் இங்கே கொண்டுவர முடியாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அதே ஃபார்வர்டரிடம் பட்டியலை ஒரு மாதம் முன்பே அனுப்பியிருந்தேன், ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. 12 பெட்டி குருமா பொடி என் கைக்கு வரவே இல்லை. அவற்றை அழித்த செலவையும் நான்தான் கட்டினேன். மாமாவிடம் சொன்னபோது, “கசகசாவுக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஊரில் இருந்துகொண்டு அவருக்கு இது எப்படித் தெரியும்?

இப்போது நான் செய்வது இதுதான். பெட்டியை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டின் லேபிளையும் வாட்ஸ்அப்பில் வாங்கி, சேர்பொருளை வரிவரியாக நானே பார்க்கிறேன். லேபிள் ஆங்கிலத்தில் இருக்கிறதா, இறக்குமதி செய்பவர் என்று என் கடைப் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். இன்வாய்ஸில் 6 இலக்கம் மட்டும் போடச் சொல்லிவிட்டேன். மீதி இரண்டை இங்கே நானே தேடி எடுத்து, கப்பல் கிளம்பும் முன் ஃபார்வர்டருக்கு எழுத்தில் அனுப்புகிறேன். ஃபார்வர்டரையும் மாற்றிவிட்டேன்.

இரண்டாவது சரக்கு போன வாரம் வந்தது. இரண்டே நாளில் கடைக்கு வந்துவிட்டது. மாமா கசகசாவை எடுத்துவிட்டு முந்திரி கூட்டி அரைத்திருந்தார். நேற்று வாடிக்கையாளர் அக்கா ஒருவர் இரண்டு பாக்கெட் வாங்கிப் போய், இன்று காலையிலேயே இன்னும் நாலு வேண்டும் என்று வந்து நின்றார்.