வலி முதலில் எப்போது வந்தது?

சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்கும் அதிர்வலை இயந்திரத்தின் மேசையில் படுக்கும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரே தடவையில் உடைந்துவிடுமா தம்பி?" ராமநாதபுரத்தில் இந்த இயந்திரத்தை இயக்கத் தொடங்கிய புதிதில், அதற்கான பதிலை சி.டி. ஸ்கேன் அறிக்கையில்தான் தேடுவேன். கல் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடர்த்தி, ஸ்கேனில் அதை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில், 1000-ஐத் தாண்டக் கூடாது. தோலுக்கும் கல்லுக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால், "உடைந்துவிடும்" என்று சொல்லிவிடுவேன்.

மண்டபத்திலிருந்து வந்த விசைப்படகுத் தொழிலாளி ஒருவரிடமும் அப்படித்தான் சொன்னேன். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 8 மில்லிமீட்டர் கல், அடர்த்தி 700-க்கும் குறைவு, ஒல்லியான உடல். குறைந்த விசையில் தொடங்கி, நிமிடத்துக்கு 60 வீதம் நிதானமாக 3000 அதிர்வுகள் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்துப் படம் எடுத்தால், கல் அப்படியே இருந்தது. இரண்டாம் முறையும் ஓரம் மட்டுமே உதிர்ந்தது.

அதன் பிறகுதான் அவருடன் உட்கார்ந்து பேசினேன். வலி முதலில் வந்தது தை மாதத்தில், நடுக்கடலில். கரைக்கு வந்து வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறார்; வலி அடங்கியதும் கல் போய்விட்டதாக நினைத்திருக்கிறார். மறுபடி உறுத்தியபோது, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கட்டும், அந்த 61 நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். கடலுக்குப் போனால்தான் பங்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் நாளே கேட்காமல் விட்டவன் நான்.

மருத்துவர் ஸ்கேனை மறுபடி திறந்து காட்டினார். கல் இருந்த இடத்தில் குழாயின் சுவர் தடித்திருந்தது. சிறுநீரகத்துக்குள் கிடக்கும் கல்லைச் சுற்றி நீர் இருக்கும். உடைந்த துகள்கள் விலக இடமிருக்கும். குழாயில் மாதக்கணக்கில் சிக்கிய கல்லையோ வீங்கிய சதை கவ்விக்கொள்கிறது. விரிசல் விட்டாலும் துண்டுகள் பிரிய வழியில்லை. கடைசியில் குழாய்க்குள் கருவியைச் செலுத்தி, லேசரால் உடைத்துத்தான் அந்தக் கல்லை எடுத்தார்கள்.

வலி நின்றுவிட்டால் கல் வெளியேறிவிட்டது என்று பொருள் இல்லை. அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். வாலிநோக்கம் உப்பளத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. கல்லின் அளவைப் பார்க்கும் முன்பே வலி தொடங்கிய நாளைக் கேட்கிறேன். குழாய்ச் சுவரின் தடிப்பையும் பார்த்துச் சொல்லும்படி மருத்துவரிடம் கேட்கிறேன்.

சென்ற மாசியில் அதே அண்ணன் தன் மச்சானை அழைத்து வந்தார். கல் 9 மில்லிமீட்டர், அடர்த்தி 900-க்கு மேல். பழைய கணக்கில் பார்த்தால் முன்னதைவிடக் கடினமான கல். நான் வாய் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: "வலி வந்து நாலு நாள்தான் ஆகிறது, தம்பி. படகைக்கூட இவன் பார்க்கவில்லை, நேரே கூட்டி வந்துவிட்டேன்."