முன்பணம் கரையும் விதம்

கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் 900 வெள்ளி (ரிங்கிட்) மாத வாடகையில் ஒரு வீடு எடுக்கக் கையில் 3,150 வெள்ளி வேண்டும். இரண்டு மாத முன்பணம் 1,800, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் 450, முதல் மாத வாடகை 900. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வாங்குபவருக்கு இபிஎஃப் (ஓய்வுக்கால சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம் போக ஏறக்குறைய 1,500தான் மிஞ்சும். தனித்து வாழும் தாய்மார்கள் மாத வாடகையை எப்பாடுபட்டாவது கட்டிவிடுகிறார்கள். ஒரு வீட்டை விட்டபின் அடுத்த வீட்டுக்குள் நுழையத்தான் முடிவதில்லை.

வீடு கைவிட்டுப் போவது பெரும்பாலும் பிள்ளையின் காய்ச்சலில் தொடங்கும். மதியப் பள்ளி மாலை ஆறரைக்கு முடியும், பேரங்காடியில் துப்புரவு வேலையோ இரவு பத்து வரை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அன்றைய நாள் கூலி போச்சு. நாலைந்து நாள் இப்படிப் போனால் வாடகையில் துண்டு விழும். "முன்பணத்துல கழிச்சிக்கலாம்மா" என்பார் வீட்டுக்காரர். கேட்கும்போது நிம்மதியாக இருக்கும். ஆனால் கரைவது அடுத்த வீட்டின் கதவைத் திறக்க வேண்டிய பணம்.

முன்பணம் கரைந்த பிறகு வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிடுவார். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் வாய்ச்சொல்லாகவும் வாடகை ரொக்கமாகவும் இருந்தால், குடியிருந்ததையே நிரூபிக்க வேண்டியிருக்கும். வங்கி வழியே கட்டுவது நல்லது. முடியாவிட்டால் பிள்ளையின் பழைய கணக்கு நோட்டாவது போதும்: தேதி, தொகை, வீட்டுக்காரர் கையெழுத்து.

மாதம் 124 வெள்ளி வாடகையில் பிபிஆர் வீடு (அரசின் மலிவு வாடகை அடுக்குமாடி வீடு) கணவர் பெயரில் இருந்தால், அவர் குடும்பத்தை விட்டுப் போன பிறகும் வாடகைப் பாக்கி அவர் பெயரிலேயே ஏறும். நோட்டீஸ் ஒட்டிய அன்றுதான் மனைவிக்குத் தெரியவரும். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாதவர்கள் நிலை இன்னும் மோசம். 1982 மார்ச் 1க்குப் பின் பதிவில்லாத திருமணத்தைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. மனைவி என்ற முறையில் உரிமை கேட்பது கடினம். பிள்ளைகளுக்கான பராமரிப்புப் பணத்தைக் கேட்கலாம். இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகளோடு யாரும் கடை ஓரத்தில் படுப்பதில்லை. அக்கா வீட்டு ஹாலில் இரண்டு வாரம், பிறகு தோழி வீடு, பிறகு "பிள்ளைங்க வேணாம்" என்கிற வாடகை அறை. அதனால்தான் இவர்கள் வீடற்றோர் கணக்கில் வருவதில்லை.

தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுக்கும் கோயில்களும் சங்கங்களும் அதைக் கொடுக்கட்டும். கூடவே வருடத்துக்கு இரண்டு குடும்பத்துக்காவது முன்பணம் கட்டினால் போதும். பணம் நேராக வீட்டுக்காரரிடம் போக வேண்டும், ஒப்பந்தம் தாயின் பெயரில் இருக்க வேண்டும், வாடகைக்குக் கழிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.