தத்தகாரமும் பூட்டு சாவியும்

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உள்ளாட்சித் தேர்தல்தான் தீபாவளி. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. மனுவை வாபஸ் வாங்கும் கெடு முடிந்த பிறகே சின்னம் ஒதுக்குவார்கள். அன்று இரவே வேட்பாளர்கள் எங்கள் வாசலில் நிற்பார்கள். விடிந்தால் ஆட்டோவில் பாட்டு ஓட வேண்டும். புது மெட்டுப் போட எனக்கு நேரமில்லை, கேட்க ஊருக்குப் பொறுமையில்லை. பழகிய மெட்டில் புதுப் பெயரை ஏற்றுவதுதான் என் பிழைப்பு.

2019 டிசம்பரில் ஒருவருக்குப் பூட்டு சாவி கிடைத்தது. ‘சாரதா’ (1962) படத்தின் ‘மணமகளே மருமகளே வா வா’வை எடுத்தேன். சொல்லை எடுத்துவிட்டு மெட்டின் அளவை மட்டும் ‘தன, தான’ என்று சொல்லிப் பார்ப்பது தத்தகாரம்; அப்படிப் போட்டால் ‘தனதனனா தனதனனா தானா’. பூட்டை எங்கே வைத்தாலும் இடித்தது. அதைக் கழற்றிவிட்டுச் சாவியை மட்டும் கடைசியில் போட்டேன்: ‘தெருவினிலே வருகிறதே சாவி’. பாடியவர் ‘வி’யைச் சற்று நீட்டினார்; கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

ஆட்டோ போன தெருவெல்லாம் பெண்கள் சிரித்தார்களாம். கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டு ஊறிய மெட்டு அல்லவா? மருமகளின் இடுப்பில் சாவிக்கொத்து ஏறுவது தானாக நினைவுக்கு வந்துவிடுகிறது. அதை நான் எழுதவில்லை.

பாரதியாருக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும். நந்தனார் சரித்திரத்தில் நந்தனை அவனுடைய ஆண்டை ஏசும் பாட்டின் வர்ணமெட்டிலேயே, சுதந்திரம் கேட்பவனை ஆங்கிலேயன் ஏசுவதாக ‘தொண்டு செய்யும் அடிமை’யை எழுதினார். ஆண்டையின் குரல் மெட்டிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் வாயில் அதை வைத்தால் போதும். நான் செய்வது அந்த அளவுக்கு உயர்ந்ததல்ல. திருட்டு என்று யாராவது சொன்னால் என்னிடம் நல்ல பதிலும் இல்லை.

சாவிப் பாட்டைப் பதிவு செய்த அதே இரவில் சீப்புச் சின்னக்காரர் ஒருவர் வந்தார். “அண்ணே, எனக்கும் அந்தக் கல்யாணப் பாட்டுதான் வேண்டும்” என்று பிடிவாதம். ‘சீப்பு’வின் கடைசி ‘பு’ குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம், அதை நீட்டக் கூடாது என்று தெரிந்தும், தூக்கக் கலக்கத்தில் ‘தெருவினிலே வருகிறதே சீப்பூ’ என்று பதிவு செய்து கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை தொலைபேசி வந்தது. “அண்ணே, ஓட்டுச் சீட்டில் பூ எந்த வரிசையில் இருக்கிறது என்று பாட்டிகள் கேட்கிறார்கள்.”

இரவோடு இரவாக வேறு மெட்டில் பதிவு செய்து, காசு வாங்காமல் அனுப்பினேன்.