மேற்கோள் குறியும் வேறு வைத்த மென்பொருளும்

காரைக்குடியில் இருந்துகொண்டு, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் நண்பருக்காக டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்தெடுத்த ஒவ்வொரு கல்லையும் அவர் படம்பிடித்து வைக்க, அப்படங்களைச் சுருக்கி அடுக்கும் வேலையை நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் (ஷெல் என்ற கட்டளை இயக்கி வரிசையாக நிறைவேற்றும் கட்டளைக் கோப்பு) இரவுதோறும் செய்கிறது.

ஒருமுறை அந்த ஸ்கிரிப்ட் "மாதிரி பழையது" என்ற கோப்புறையை அழிக்க வேண்டியிருந்தது. பெயரைத் தாங்கிய மாறியை இரட்டை மேற்கோளுக்குள் இடாமல் விட்டுவிட்டேன். இடைவெளியைக் கண்ட ஷெல், பெயரை இரண்டாக வெட்டி, "மாதிரி", "பழையது" என்னும் இரண்டையும் அழிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. "மாதிரி" என்பதோ அவர் அன்றாடம் புழங்கும் கோப்புறை. அழிக்கும் கட்டளையான ஆர்எம்மோடு, இல்லாததைப் பற்றிப் புகார் செய்யாதே என்னும் '-எஃப்' சேர்த்திருந்தபடியால், "பழையது" என்று எதுவும் இல்லையே என்ற முணுமுணுப்புகூட எழவில்லை. பென்டிரைவில் கிடந்த நகல்தான் என் மானத்தைக் காத்தது.

ஸ்கிரிப்டில் 'செட் -யூ' என்ற காவல் வரியைப் போட்டிருந்தாலும் இது சிக்கியிருக்காது. மதிப்பே தரப்படாத மாறியைத்தான் அது பிடிக்கும். ஷெல்செக் என்ற கருவியோ, மேற்கோள் இல்லாத இடத்தை வரி எண்ணோடு சுட்டிவிடுகிறது. இப்போது அது பார்க்காமல் எந்த ஸ்கிரிப்டையும் ஓடவிடுவதில்லை.

ஷெல்செக்கை டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாகவே நிறுவிக்கொண்டேன். ஸ்கிரிப்டுக்குள் மட்டும் 'ஆப்ட்-கெட்' என்றே எழுதுகிறேன். 'ஆப்ட்' கட்டளையின் போக்கு மாறக்கூடியது என்று அதுவே எச்சரிக்கிறது. சிக்கல் படங்களைச் சுருக்கும் மென்பொருளான இமேஜ்மேஜிக்கில் வந்தது. எனக்கு வேண்டியது ஏழாம் பதிப்பு, டெபியன் 12 தருவதோ ஆறாம் பதிப்பு. மூலநிரலைத் தொகுத்து 'மேக் இன்ஸ்டால்' என்று கொடுத்தால் கோப்புகள் மூலைக்கொன்றாய்ச் சிதறிவிடும். பின்னாளில் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு.

எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளில் மணமான பிள்ளையை வேறு வைப்பார்கள்: வளவு பொது, அறையும் அடுப்பும் அவரவர்க்கு. இதற்கு நான் நாடிய க்னூ ஸ்டோ என்ற கருவியின் ஏற்பாடும் அதுவே. ஒவ்வொரு மென்பொருளும் தன் கோப்புறைக்குள் முழுதாக இருக்க, பொது இடத்தில் அதற்கான இணைப்புகள் மட்டும் நிற்கின்றன. 'ஸ்டோ -டி' (பெரிய எழுத்து D) என்றால் இணைப்புகள் மறைந்துவிடும். இதே எண்ணத்தை நிக்ஸ் என்ற நிறுவல் கருவி இன்னும் கண்டிப்பாகச் செய்கிறது என்றாலும், ஒற்றைக் கணினிக்கு அது தேவைக்கு மீறிய மாளிகை என்பது என் கருத்து.

டெபியன் 13 ஏழாம் பதிப்பையே தருகிறது. கணினியை அதற்கு மாற்றியதும் இந்தத் தனிக்குடித்தனத்தைக் கலைத்து, இமேஜ்மேஜிக்கை ஆப்டின் பொறுப்பிலேயே விட்டுவிடுவேன்.