கொத்துக் கணக்கும் களஞ்சியக் கணக்கும்

பில்லுசேரி சின்னப்பிள்ளை என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ஒரே ஒரு படம். 2001 ஜனவரி, டெல்லி, ஸ்திரீ சக்தி விருது மேடை. பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொடுகிறார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. சரி, அந்த அம்மா என்னதான் செய்தார் என்று கேட்டால், "மகளிர் குழு நடத்தினாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பிறந்தது மதுரைக்கு வடக்கே கள்ளந்திரி. 12 வயதில் கல்யாணமாகி, அழகர்கோவில் பக்கம் இருக்கிற பில்லுசேரிக்கு வந்தார். பள்ளிக்கூடம் கிடையாது, கைநாட்டு. கள்ளந்திரி என்ற பெயரைப் பெரியாறு பாசன அறிவிப்புகளில் ஆண்டுதோறும் பார்க்கலாம். பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்கு அங்கிட்டு மேலூர், திருமங்கலம் பக்கம் 1,05,002 ஏக்கர் ஒருபோகம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நடவு, களை, அறுப்பு என்று கூலி உண்டு. மாசி பங்குனியில் அறுப்பு முடிந்துவிட்டால், அடுத்த தண்ணீர் வரும்வரை நிலமில்லாத வீட்டில் காசு புரளாது. பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த வறட்சியின் கடைசியில்தான். சொந்த நிலமில்லாத குடும்பத்துத் தாய் எந்த மாதத்தில் கடனுக்குப் போய் நிற்பாள் என்பதை இந்த அட்டவணையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சின்னப்பிள்ளை வயல்வேலைக்குப் போனவர் மட்டுமல்ல, கொத்துக்குத் தலைவியும்கூட. கொத்து என்பது சேர்ந்து வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டம். நிலக்காரரிடம் பேசுவது, ஆள் சேர்ப்பது, கூலியை வாங்கிப் பிரிப்பது எல்லாம் தலைவியின் பொறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வேலையாகத் தெரியும். ஏக்கர் கணக்கில் கூலி பேசும்போதுதான் அதன் கஷ்டம் புரியும். ஒரு ஏக்கர் நடவுக்குப் பன்னிரண்டு ஆள் என்று பேசிவிட்டு, வயல் சரியாகப் பரம்படிக்காமல் மேடும் பள்ளமுமாகக் கிடந்து பதினைந்து ஆள் இறங்க வேண்டி வந்தால், ஒவ்வொருத்தி பங்கிலும் ஐந்தில் ஒரு பாகம் போய்விடும். அதனால் விவரமான தலைவி முதல் நாள் சாயங்காலமே வரப்பில் ஒரு நடை நடந்து பார்ப்பாள். சேறு படிந்திருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, நாற்று முற்றிவிட்டதா, நாற்றைப் பறித்துக் கட்டுக் கட்டாகச் சுமப்பது யார் பொறுப்பு, இது எல்லாம் அங்கேயே பேசித் தீர்த்தாக வேண்டும். மறுநாள் காலை வயலில் இறங்கிய பிறகு பேரம் பேசினால் எடுபடாது.

நட்டு முடிக்கும்போதும் தலைவியின் கண் சும்மா இருக்க முடியாது. குறுகிய கால நெல்லுக்கு 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி. சதுர மீட்டருக்கு 66 குத்து, குத்துக்கு இரண்டு மூன்று நாற்று. சீக்கிரம் கரையேறலாம் என்று யாராவது எட்ட எட்ட நட்டுவிட்டால் நிலக்காரர் மொத்தக் கொத்தின் கூலியிலும் கை வைப்பார். ஆழமாக அமுக்கி நட்டால் தூர் கட்டாது. அந்தப் பேச்சு அடுத்த போகத்தில் வந்து சேரும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் பாதியில் வீட்டுக்குப் போனவளுக்கு எவ்வளவு, வயசான கிழவிக்கு முழுப் பங்கா முக்கால் பங்கா என்பதையும் குலவை போட்டுக் கரையேறும்போதே எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். தாள் கிடையாது, பேனா கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. சின்னப்பிள்ளை படித்த பள்ளிக்கூடம் இதுதான் என்பது என் எண்ணம். பின்னால் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுவில் அவர் செய்தது இதே வேலையைப் பணத்தில் செய்ததுதான்.

1990 வாக்கில் அந்தப் பக்கத்து ஊர்களில் களஞ்சியம் ஆரம்பமானது. பிறகு தானம் அறக்கட்டளை அதை வளர்த்தெடுத்தது. பதினைந்து இருபது பெண்கள் சேர்ந்து மாதம் பத்து, இருபது என்று போடுவார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்வார்கள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்றைய நிலவரத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஒரு ஆயிரம் ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டால்தான் விளங்கும்.

பத்து வட்டிக்காரரிடம், அதாவது நூறுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி வாங்குபவரிடம், ஆயிரம் வாங்கினால் மாதம் நூறு ரூபாய் வட்டி. பத்து மாதம் ஒழுங்காகக் கட்டினாலும் ஆயிரம் போயிருக்கும், அசல் ஆயிரம் அப்படியே நிற்கும். குழுவில் இரண்டு வட்டிக்கு வாங்கி, மாதம் நூறு அசலும் மீதிக்கு மட்டும் வட்டியுமாகக் கட்டினால் முதல் மாதம் 120, அடுத்த மாதம் 118, அப்படியே இறங்கிக் கடைசி மாதம் 102. மொத்த வட்டி 110 ரூபாய், கடனும் தீர்ந்தது. வீட்டிலிருந்து மாதாமாதம் போகும் காசு ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 110 ரூபாயும் வெளியே போகாமல் குழுவின் பெட்டிக்கே வந்துவிடும். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்ததே 2003-ல்தான். அதற்குப் பல வருஷம் முன்பே இந்தப் பெண்கள் கந்துவட்டியிலிருந்து விலகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நடத்தும் குழு கணக்கில் தவறாமல் ஓட வேண்டுமானால், கூட்டம் நடக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். பாயை விரித்து வட்டமாக உட்கார வேண்டும். காசு நடுவில்தான் விழ வேண்டும்; போட்டவள் தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவள் எண்ண வேண்டும், அதற்குப் பிறகுதான் கணக்கர் எழுத வேண்டும். முடிவில் யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எவ்வளவு கடன், பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று உரக்கப் படிக்க வேண்டும். கைநாட்டுக்காரிக்குத் தன் கணக்கு மறக்கவே மறக்காது. அடுத்தவள் கணக்கையும் சேர்த்து ஞாபகம் வைத்திருப்பாள். ஒரு எண் தப்பினால் நாலு குரல் கிளம்பும். அதுதான் தணிக்கை.

குழு எங்கே கெடும் என்றால், முதலில் வீடு வீடாகப் போய் வசூலிக்க ஆரம்பிக்கும் இடத்தில். "நேரமில்லக்கா, இந்தா எம்பங்கு" என்று வாசலில் கொடுத்துவிட்டுப் போனால் எண்ணுகிற ஆளும் ஒருத்தி, எழுதுகிற ஆளும் அவளே. அடுத்தது, முதல் கடனைத் தலைவியே எடுத்துக்கொள்வது. அவள் ஒரு தவணை தவறினால் மற்றவர்களைக் கேட்க அவளுக்கு வாய் வராது. இவற்றைவிட மோசமானது காகிதத்தில் கடனைப் புதுப்பிப்பது. பழைய கடனைக் கட்டியதாகவும் அதே நாளில் புதுக் கடன் கொடுத்ததாகவும் எழுதிவிடுவார்கள். பேரேடு பார்க்க வெள்ளையாக இருக்கும், நிலுவையே தெரியாது, பெட்டி மட்டும் காலியாக இருக்கும். வங்கிப் பாஸ்புத்தகத்தைப் பேரேட்டோடு மாதாமாதம் ஒத்துப் பார்த்தால் இது உடனே வெளிப்படும். பார்க்காத குழுக்கள்தான் அதிகம்.

தவணையும் பருவத்தோடு ஒத்துப்போக வேண்டும். சித்திரை வைகாசியில் ஏறாத கூலியை வைத்து மாதம் நூறு கட்டு என்றால் அவள் பத்து வட்டிக்காரரிடம் கடன் வாங்கித்தான் குழுவுக்குக் கட்டுவாள். அறுப்பு மாதத்தில் கூடுதலாகவும் வறட்சியில் வட்டி மட்டுமாகவும் வாங்கினால் தப்பிக்கலாம். வயல் கூலியில் வாழ்ந்த ஒரு தலைவிக்கு இதை யாரும் பாடமெடுக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து அச்சடித்த தவணை அட்டையோடு வருகிறவர்களுக்குத்தான் புரியவைக்க வேண்டியிருக்கும்.

பெட்டியில் பணம் நின்ற பிறகு ஊர் விஷயங்களுக்கும் கை நீண்டது. கண்மாய் மீன்பிடிக் குத்தகையைப் பெண்கள் எடுத்தது அதில் பெரிய சங்கதி. காலங்காலமாக ஊர்ப் பெரிய கைகளிடம் இருந்த உரிமை அது. குத்தகைப் பணத்தை மொத்தமாக வைக்கத் தோது இருந்தால்தான் ஏலத்தில் வாய் திறக்கவே முடியும். சாராயத்துக்கு எதிராகவும், வரதட்சணைக்கு எதிராகவும் சின்னப்பிள்ளை பேசினார். களஞ்சியம் பிற மாநிலங்களுக்குப் பரவியபோது அவரும் ஊர் ஊராகப் போனார்.

தனக்கென்று ஒரு வீடு இல்லை என்று அவர் சொன்னது 2024-ல் செய்தியில் வந்தது. அதற்குப் பிறகு முதல்வர் மு.க. ஸ்டாலின் வீடு கட்டித்தர உத்தரவிட்டார். எத்தனையோ பெண்களுக்குக் கடன் எழுதவைத்து, தவணையை வாங்கி, பெட்டியைப் பூட்டிய அம்மாவின் நிலை அது.